கும்பிடு போட்ட காரும் கூடுதல் வாரண்டியும்

வாரண்டி போடலாமா வேண்டாமா என்று அந்த டை கட்டிய பையனிடமா கேட்டீர்கள் தம்பி? ஜவுளிக்கடைக்காரனிடம் போய், "சேலை எடுக்கட்டுமா, சும்மா வீட்டுக்குப் போகட்டுமா" என்று கேட்ட மாதிரி இருக்கிறது. அவன் என்ன சொல்வான்? இப்படி வந்து உட்காருங்கள். அந்த சோபா வேண்டாம், அது ஆளை உள்ளே இழுத்துக்கொள்ளும், தூக்கிவிட இன்னொரு ஆள் வேண்டும். காப்பி மிஷினில் கடைசி பட்டனை அமுக்காதீர்கள், வெறும் சுடுதண்ணீர்தான் வருகிறது. பட்டன் விஷயத்தில் எனக்கு அனுபவம் அதிகம். அதைப் பிறகு சொல்கிறேன்.

என் பேர் நாச்சிமுத்து. பெருந்துறையில் பந்தல், பாத்திரம் வாடகைக்கு விடுகிற கடை. என் அண்டாவில் சோறு வேகாத கல்யாணம் அந்தப் பக்கத்தில் கிடையாது. ஒருமுறை மாப்பிள்ளையே என் அண்டாவுக்குள் ஒளிந்துகொண்டான். மண்டபம் முழுக்கத் தேடினார்கள். சாம்பாரை ஊற்றப் போகும்போதுதான் உள்ளே பட்டு வேட்டி தெரிந்தது. சிரிக்கிறீர்களே, சத்தியமாக நடந்தது. நான் பொய் பேசுகிற ஆள் இல்லை. அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கதைக்கு அது முக்கியம்.

நீங்கள் பார்த்தது வெளியே நிற்கிற வெள்ளை வண்டிதானே? முந்தைய ஓனர் டாக்டர் என்றானா? அப்படித்தான் சொல்வான். இங்கே நிற்கிற அத்தனை வண்டிக்கும் முந்தைய ஓனர் டாக்டர்தான். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போவாராம், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருவாராம், வேறெங்கும் போகமாட்டாராம். இத்தனை டாக்டர்கள் இத்தனை வண்டி வாங்கி விற்றுக்கொண்டிருந்தால் நோயாளியை எப்போதுதான் பார்ப்பார்கள்? என் வண்டிக்கும் ஒரு டாக்டர்தான். எலும்பு டாக்டர் என்றான். நல்லது, வண்டியின் எலும்பாவது உறுதியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

உங்களுக்கு எதற்கு இவ்வளவு பெரிய வண்டி என்று நான் கேட்கமாட்டேன். எனக்கு எதற்கு என்று மட்டும் சொல்கிறேன். என் மகள் கோகிலவாணியைக் காங்கேயத்தில் கொடுத்திருக்கிறேன். சம்பந்தி பேர் குழந்தைவேலு, தேங்காய் எண்ணெய் மில் வைத்திருக்கிறார். பேர்தான் குழந்தை. கல்யாணத்தன்று நாங்கள் வேனில் போய் இறங்கினோம். அந்த மனுஷன் வேனையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "ஏனுங்க சம்பந்தி, பாத்திரம் வாடகை, பந்தல் வாடகை, வேனும் வாடகைங்களா? பொண்ணாவது சொந்தந்தானுங்களே?" என்றார். பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். பெண்ணைக் கொடுத்தவன் வேறு என்ன செய்வது?

அன்றைக்கு ஆரம்பித்தது. அப்புறம் என் மகள் அந்த வீட்டில் ஒரு டம்ளர் உடைத்தால், "வாடகைக் கடைதானே, அப்பன்கிட்டச் சொன்னா நூறு அனுப்புவான்" என்பார்கள். புதுச் சேலை கட்டினால், "நாளைக்குத் திருப்பிக் குடுக்கணுமா அம்மிணி?" என்பார்கள். அவள் என்னிடம் ஒன்றும் சொல்லமாட்டாள். அவள் அம்மாவிடம் சொல்வாள். அம்மா என்னிடம் சொல்லும்போது இரண்டு பங்காகிவிடும். பேரனுக்குக் காதுகுத்து வைத்தார்கள், அவர்கள் குலதெய்வம் மேட்டுக்காட்டு அம்மன் கோயிலில். தாய்மாமன் சீர் நம் வீட்டிலிருந்துதான் போக வேண்டும். சீர்த்தட்டோடு எதில் போய் இறங்குகிறோம் என்று காங்கேயமே பார்க்கும். அதற்குத்தான் வண்டி.

என் மகன் தீபன் கூட வந்தான். வந்தவன் சும்மா இருக்காமல், "அப்பா, நமக்குத் தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தரக் கூட்டியாந்து வண்டிய ஒருக்கா தூக்கிப் பாத்துடலாம்" என்றான்.

"போடா. வாரண்டி இருக்கறப்ப மெக்கானிக் எதுக்கு?" என்றேன்.

நியாயம்தானே தம்பி? சந்தையில் மாடு பிடிக்கும்போது பல்லைப் பார்ப்பேன், சுழியைப் பார்ப்பேன், மடியைத் தொட்டுப் பார்ப்பேன், நடக்கவிட்டுப் பார்ப்பேன். மாட்டுக்கு வாரண்டி கிடையாது, அதனால் பார்க்கிறோம். வண்டிக்குத்தான் காகிதம் தருகிறானே. நான் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தேன், கண்ணாடியில் மீசையைச் சரிபண்ணிக்கொண்டேன், பிடித்துவிட்டது.

காகிதத்தைப் படித்தீர்களா என்று கேட்பீர்கள். படித்தேன். முதல் பக்கத்தில், மோட்டாருக்குத் தருவேன், கியருக்குத் தருவேன், கரண்டு சாமானுக்குத் தருவேன் என்று அள்ளி விடுகிறான். அடுத்த பக்கத்திலிருந்து கடைசிவரைக்கும் எப்போதெல்லாம் தரமாட்டேன் என்று எழுதியிருக்கிறான். தேய்ந்தால் கிடையாது. ரப்பர் என்றால் கிடையாது. எலி கடித்தால் கிடையாது. வெளியே சர்வீஸ் விட்டால் கிடையாது. வாரண்டி போட்ட நாளுக்கு முன்னாலேயே இருந்த கோளாறு என்றால் கிடையவே கிடையாது. "அப்ப எதுக்குத்தான் குடுப்பீங்க?" என்று கேட்டேன். டை கட்டிய பையன் பதறிப்போய், "சார், உங்க பிளான் பெரிய பிளான். உங்க வண்டி ஸ்பிரிங்குல நிக்கல, காத்துப் பையில நிக்குது. அந்தப் பை போச்சுன்னா சொத்தே போச்சு. அதுக்கும் சேத்துத் தர்றோம்" என்றான். காற்றுக்கே காப்பீடு தருகிறானே, பெரிய மனசு என்று கையெழுத்துப் போட்டேன்.

காதுகுத்து அன்றைக்கு நான் வந்து இறங்கினதைப் பார்த்திருக்க வேண்டும். மேளக்காரன் அடிப்பதை நிறுத்திவிட்டான். ஆட்டுக்கிடாய் கத்துவதை நிறுத்திவிட்டது. மொட்டை அடித்துக்கொண்டிருந்தவன் கத்தியை எடுக்க மறந்து பக்கத்து ஆளுக்கும் சேர்த்து அடித்துவிட்டான். சம்பந்தி முகம் எண்ணெய் எடுத்த பிண்ணாக்கு மாதிரி ஆகிவிட்டது. கோயில் வாசலில், அம்மனுக்கு நேராக வண்டியை நிறுத்தினேன். சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தேன். சீர்த்தட்டை இறக்கினார்கள். கோகிலவாணி பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து நின்றாள். அந்தப் பார்வைக்காகவே இன்னொரு வண்டி வாங்கலாம் தம்பி.

அப்போது ஒரு சத்தம். உஸ்ஸ்ஸ்.

பாம்பு என்று நாலு பேர் குதித்தார்கள். பாம்பு இல்லை. வண்டியின் முன்பக்கம் மெல்ல மெல்லக் கீழே போகிறது. பின்பக்கம் அப்படியே நிற்கிறது. முன்னால் மட்டும், ஒட்டகம் காலை மடக்குகிற மாதிரி, இறங்குகிறது, இறங்குகிறது, மூக்கு தரையைத் தொடுகிற அளவுக்கு இறங்கி நின்றுவிட்டது.

சம்பந்தி தொண்டையைக் கனைத்தார். எனக்குத் தெரியும், அந்தக் கனைப்புக்குப் பின்னால் என்ன வரும் என்று. "ஏனுங்க சம்பந்தி, இதும் வாடகைங்களா, மணி முடிஞ்சுதுன்னு படுத்துக்கிச்சுங்களா?" அதுதான் வரும். அதற்கப்புறம் என் மகள் அந்த வீட்டில் இன்னும் எத்தனை காலம் தலையைக் குனிந்துகொண்டு நடப்பது? அவள் முகத்தைப் பார்த்தேன். சுருங்கிப்போய்விட்டது.

கையைத் தலைக்கு மேல் தூக்கினேன். "கற்பூரத்தக் கொண்டாங்க!" என்று கத்தினேன். "அம்மனப் பாத்ததும் வண்டி கும்பிடுது பாருங்க!"

அவ்வளவுதான். ஒரு கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மேளக்காரன் அடித்த அடியில் தோல் கிழிந்தது. பூசாரிக்கு அருள் வந்து பானெட் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். வந்த தேங்காயெல்லாம் வண்டிக்கு முன்னால் உடைந்தது. சம்பந்தி வாயைத் திறந்தார், மூடினார், கடைசியில் அவரும் கும்பிட்டார். வேறு வழி? ஊரே கும்பிடும்போது அவர் மட்டும் நின்றால் அம்மனுக்கு ஆகாதவர் ஆகிவிடமாட்டாரா?

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். என் மகன் இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறான். ஆனால் ஒரு பையன் செல்போனை என் முகத்துக்கு நேராக நீட்டினான் தம்பி. செல்போனுக்கு முன்னால் பாதியில் நிறுத்துவது மரியாதையா?

"இன்னைக்கு மட்டும்னு நெனச்சீங்களா?" என்றேன். "வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து தெனமும் விடிகாலைல கெழக்க பாத்து இப்படித்தானுங்க குனியுது. ஷோரூம்லயே குனிஞ்சுதுங்க. நான் வாங்க வந்தப்பவே என்னைப் பாத்து ஒருக்கா குனிஞ்சுது. அதனாலதான் வாங்குனேன். வண்டில ஒரு குறையும் கெடையாது."

அன்றைக்குத்தான் அது முதல் தடவை குனிந்தது என்பது எனக்குத் தெரியும். நீங்கள் பொய் என்பீர்கள். நான் அதைப் பொய் என்று சொல்லமாட்டேன். விசேஷ வீட்டில் சாம்பார் பற்றாமல் போனால் ரெண்டு குடம் தண்ணீர் சேர்க்கிறோம் இல்லையா, அந்த மாதிரி.

வண்டி எழுந்திருக்கவே இல்லை. கொக்கி வண்டி வந்து தூக்கிக்கொண்டு போனது. அம்மனை விட்டுப் பிரிய மனசில்லாமல் போகிறது என்று பெண்கள் அழுதார்கள். கொக்கி வண்டிக்கும் ஒரு மாலை விழுந்தது. டிரைவர் தட்சணை வாங்கிக்கொண்டான்.

இங்கேதான் கொண்டுவந்து விட்டார்கள். காற்றுப் பை கிழிந்துவிட்டது, காற்று ஏற்றுகிற மோட்டாரும் கூடவே போய்விட்டது என்றார்கள். எனக்கென்ன கவலை? பெரிய பிளான் இருக்கிறதே. கால்மேல் கால் போட்டு இதே இடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தேன். வாரண்டி கம்பெனியிலிருந்து ஜெரால்டு என்று ஒரு பிள்ளை வந்தான். ரொம்ப மரியாதையான பிள்ளை. மரியாதையான ஆட்களிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் தம்பி.

"ஐயா, இது கவர் ஆகற ஐட்டம்தான். பாஸ் பண்ணிடலாம்னுதான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு செல்போனை எடுத்தான். "ஆனா இந்த வீடியோவுல இருக்கறது நீங்கதானுங்களா?"

பார்க்கிறேன். நானேதான். நன்றாகத்தான் பேசியிருந்தேன். குரல் கணீரென்று இருந்தது. எத்தனையோ ஊர் தாண்டிப் போய் ஜெரால்டு செல்லுக்கும் வந்துவிட்டது.

"ஷோரூம்லயே குனிஞ்சுதுன்னு சொல்றீங்க, ஐயா."

"ஆமாம்."

"அப்படின்னா வாரண்டி போடறதுக்கு முன்னாலயே இருந்த கோளாறுங்களே."

"கோளாறுன்னு எங்க சொன்னேன்? பக்தின்னு சொன்னேன்."

"பக்திக்கு எங்க பிளான்ல எடமில்லைங்க ஐயா. ஒண்ணு பண்ணுங்க. வீடியோவுல சொன்னது நெசமில்ல, வண்டி அன்னைக்குத்தான் மொத தடவ எறங்குச்சு, பை கிழிஞ்சு எறங்குச்சுன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நாளைக்கே பாஸ் பண்றேன்."

ஒரு வரிதான். பேனாவைக்கூட அவனே திறந்து கொடுத்தான். நானும் வாங்கினேன். எழுதப் போகும்போது சும்மா பேச்சுக்கு, "தம்பிக்கு எந்த ஊரு?" என்று கேட்டேன்.

"சொந்த ஊரு போத்தனூருங்க. மாமனார் வீடு காங்கேயம். எண்ணெயெல்லாம் அங்க குழந்தைவேலு மில்லுலதான் வாங்கறது" என்றான்.

பேனாவை மூடிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து கோகிலவாணி போன் பண்ணுகிறாள். இத்தனை வருஷத்தில் அவள் இப்படிச் சிரித்துப் பேசிக் கேட்டதில்லை. "அப்பா, இன்னைக்கு மாமனார் எனக்கு மொத தட்டுல பரிமாறச் சொன்னாருப்பா. 'அம்மன் கண்ணு பட்ட வீட்டுப் பொண்ணு, அவ சாப்பிட்டப்பறம் மத்தவங்க சாப்பிடலாம்'னாரு. வாடகைங்கற பேச்சே இந்த வீட்டுல இல்ல இப்ப. வண்டி எங்க வேணா குனியட்டும், எனக்குக் குனியற வேலை இல்லாமப் போச்சுப்பா."

நான் என்ன செய்ய முடியும் தம்பி? ஜெரால்டைப் பார்த்து, "அம்மன் செஞ்சத இல்லைன்னு எழுதச் சொல்றியா? நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு கோயிலுக்குப் போறது?" என்று ஒரு சத்தம் போட்டேன். பாவம், அந்தப் பிள்ளை வேறு மதம், என்ன சொல்வதென்று தெரியாமல் அவனும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

செலவை நானே கட்டினேன். என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள், கடையில் பெரிய அண்டாக்கள் எதுவும் இப்போது இல்லை. இதுதான் வாரண்டி. நம்மிடம் முன்னாலேயே வாங்கிக்கொள்வான், நேரம் வரும்போது நம் வாயிலிருந்தே ஒரு காரணம் பிடுங்குவான். தீபன் என்ன சொல்கிறான் தெரியுமா? "அப்பா, வாரண்டி ஒழுங்காத்தான் இருந்துச்சு. நீங்க வாயத் தொறக்காம இருந்திருந்தா பைசா செலவில்லாம வேலை முடிஞ்சிருக்கும். மொதல்லயே மெக்கானிக்கக் கூட்டியாந்திருந்தா இந்த வண்டியே வாங்கியிருக்க மாட்டோம்" என்கிறான். சின்னப் பையன், உலகம் தெரியாது. வாயைத் திறக்காமல் இருப்பதற்கு எதற்குத் தம்பி சொந்த வண்டி?

சரி, பட்டன் கதைக்கு வருகிறேன். வண்டியை ரிப்பேர் பண்ணின மெக்கானிக் என்னை உள்ளே உட்கார வைத்தான். கியருக்குப் பக்கத்தில் அம்புக்குறி போட்ட ஒரு சின்ன பட்டன். "இத அமுக்குனா வண்டி எறங்கும், திரும்ப அமுக்குனா ஏறும், மோசமான ரோட்டுக்காக வெச்சிருக்கான்" என்றான். அமுக்கினேன். உஸ்ஸ். இறங்கியது. மறுபடி அமுக்கினேன். ஏறியது. டாக்டர் காலத்திலிருந்து அந்தப் பட்டன் அங்கேயேதான் இருந்திருக்கிறது. நாலு விரக்கடைதான் இறங்கும். பக்தர்களுக்கு அது போதும்.

அடுத்த அமாவாசைக்குக் கோயிலுக்குப் போனேன். கூட்டம் என்றால் கூட்டம். வண்டியை அணைக்கவில்லை, கையை மட்டும் பட்டன் பக்கம் கீழே விட்டேன். வண்டி நாலு பக்கமும் சமமாகக் குனிந்தது. "முன்னால கும்பிடு போட்டுது, இப்ப சாஷ்டாங்கமா விழுதுங்க, பக்தி முத்திப் போச்சு" என்றேன். அன்றைக்கு உண்டியல் நிரம்பி, என் கடை அன்னக்கூடையில் கொட்டினார்கள். அதற்கு மட்டும் வாடகை வாங்கவில்லை.

சம்பந்தி சும்மா இருப்பாரா? உண்டியலைப் பார்த்ததும் கோயில் கமிட்டிக்குத் தலைவரானார். என்னிடம் இருப்பது அவரிடமும் இருக்க வேண்டும். இதே கம்பெனி, இதே மாடல், ஒரு வயசு இளசு. அதற்கும் இங்கேயேதான் வாரண்டி போட்டார். கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். ஊரே கற்பூரத்தோடு நிற்கிறது. வண்டி குனியவில்லை. விறைத்துக்கொண்டு நிற்கிறது. இவர் பானெட்டைத் தட்டிப் பார்க்கிறார், காதில் ஏதோ சொல்கிறார், குனியவில்லை. "குழந்தைவேலு என்ன பாவம் பண்ணுனாரோ" என்று பெண்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். "எண்ணெயில கலப்படம் இருக்குமாட்ட இருக்குது" என்று ஒரு ஆள் சொன்னான். அது நான் இல்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த ஆள்.

அதற்காகத்தான் இன்றைக்கு வந்திருக்கிறோம். சம்பந்தி வாரண்டியில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார், வண்டி குனியவில்லை என்று! ஜெரால்டு அதைப் படித்துவிட்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். "ஐயா, வண்டி கீழ எறங்குனாத்தான் கோளாறு, எறங்காததுக்கு எல்லாம் வாரண்டி கெடையாதுங்க" என்றான். இவர் விடவில்லை. "எங்க சம்பந்தி வண்டி குனியுதில்ல? அவரையே கூட்டியாறேன்" என்று என்னைச் சாட்சிக்கு இழுத்து வந்துவிட்டார். இப்போது உள்ளே மெக்கானிக்கோடு நிற்கிறார். அதோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கறுப்பு வண்டி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜன்னலில் தலையை விட்டிருக்கிறாரே, அவர்தான். தயவுசெய்து அவரிடம் அந்தப் பட்டன் பேச்சை மட்டும் எடுத்துவிடாதீர்கள் தம்பி. நான் கெட்டாலும் பரவாயில்லை. என் மகள் மறுபடி அந்த வீட்டில் கடைசிப் பந்திக்குப் போய்விடுவாள்.

அய்யய்யோ.

தம்பி, இறங்குகிறதே. மெக்கானிக் கையைப் பாருங்கள், கியர் பக்கத்தில். இறங்குகிறது... ஏற்றுகிறான்... மறுபடி இறக்கிக் காட்டுகிறான், பாவி. சம்பந்தி நிமிர்ந்துவிட்டார். இந்தப் பக்கம் பார்க்கிறார். அந்தப் பேப்பரைக் கொடுங்கள், முகத்தை மறைக்க. தலைகீழாக இருந்தால் என்ன, கொடுங்கள். வருகிறார். நல்லவேளை, உள்ளே போகும்போது செருப்பைக் கழற்றி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள், கையில் ஒன்றும் இல்லை...

வாங்க சம்பந்தி, உக்காருங்க. பாத்தீங்களா, அம்மன் இங்கயே வந்துட்டா! ... என்னங்க? ... காதுலயா? சொல்லுங்க.

...

ம். சரிங்க. அப்படியே ஆகட்டுங்க. காப்பி எடுத்துட்டு வாங்க, உக்காந்து பேசலாம். கடைசி பட்டன் நல்லா இருக்கும்.

தம்பி, காதில் என்ன சொன்னார் என்று கேட்க உங்களுக்கு நாக்கு துடிக்கிறது. அவர் வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். "சம்பந்தி, இந்தப் பட்டன் சமாச்சாரம் நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். கோபுர வேலை ஆரம்பிச்சாச்சு, உங்க வண்டி பேரச் சொல்லித்தான் வசூல் பண்ணிட்டிருக்கேன். இது வெளிய தெரிஞ்சா உங்களுக்கு முன்னால என்னையத்தான் தோலுரிப்பாங்க. கோகிலவாணிக்கும் தெரிய வேண்டாம்" என்கிறார்! என் மகள் இனிமேல் ஆயுசுக்கும் முதல் பந்திதான். அந்த மனுஷனால் இனிமேல் வாடகை என்ற வார்த்தையை வாயால் சொல்ல முடியுமா? அவர் குடுமி என் கையில், என் குடுமி அவர் கையில். ஜெரால்டு கம்பெனியில் இந்த மாதிரி ஒரு பிளான் இருந்தால் நானே பத்துப் பேரைச் சேர்த்துவிடுவேன்.

என்னங்க சம்பந்தி, வெறும் சுடுதண்ணியா? மிஷின் கெட்டுப்போச்சாட்ட இருக்குது. ... வர்ற அமாவாசைக்கு ரெண்டு வண்டியும் சேந்து நிக்கணுமா? நிக்கட்டுங்க. ... உங்க வண்டி மொதல்ல குனியுமா? அதெப்படிங்க? ... கமிட்டித் தலைவர்னா என்னங்க? என் வண்டிதாங்க வயசுல மூத்தது. மூத்தது நிக்கறப்ப இளசு குனிஞ்சா ஊர் சிரிக்காதா? ... நீங்க வேணா பின்னால வந்து குனியுங்க, யாரு வேண்டாங்கறா?

தம்பி, எங்கே எழுந்துவிட்டீர்கள்? டை கட்டிய பையன் கூப்பிடுகிறானா? போங்கள், போங்கள். வாரண்டியைப் போடுங்கள், போடாமல் விடுங்கள், அது உங்கள் பாடு. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்த வெள்ளை வண்டியில் ஏறி, கியர் பக்கத்தில் பட்டன் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.